வால் முறிந்த காரணம்

பாரிட் புந்தார் பக்கத்து வயல்காரர்களிடம் கலாதேவி எங்கே என்று கேட்டால் கொஞ்சம் யோசிப்பார்கள். ட்ரோன் அக்கா என்று கேட்டால் உடனே கையை நீட்டி, வாய்க்கால் ஓரம் நிற்கும் வெள்ளை வேனைக் காட்டுவார்கள். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், நீளக்கைச் சட்டை, கண்ணை மட்டும் விட்டு முகத்தைச் சுற்றிய துணி, கழுத்திலிருந்து தொங்கும் ரிமோட். மருந்து நிரப்பினால் நாற்பது கிலோவைத் தாண்டும் ட்ரோனை வரப்பிலிருந்து எழுப்பி, நெற்பயிரின் தலைக்கு மேலே கயிறு கட்டி இழுத்தாற்போல் நேராக ஓட்டி, மறுகரை போய்த் திருப்பிக் கொண்டுவருவாள். ஐந்து வருடத்தில் ஒன்றைக்கூடக் கீழே போட்டதில்லை. புதிய ஆட்களை வேலைக்கு எடுக்கும்போது முதலாளி யுகேந்திரன் இதைத்தான் முதலில் சொல்வார்.

“கலா கையில போனது முழுசா திரும்பி வரும்லா. நீங்களும் அப்படி இருக்கணும்.”

அவளுக்கு முப்பத்தேழு வயது. பிறந்தது பத்து காஜா என்ற ஊருக்கு அருகே ஒரு ரப்பர் தோட்டத்தில். ஆறு வயதாக இருந்தபோது தோட்டம் கைமாறி, ரப்பருக்குப் பதில் எண்ணெய் எடுக்கும் செம்பனை வந்தது. குடும்பம் ஈப்போவில் ஓர் அடுக்குமாடி வீட்டுக்கு வந்தது. ஐந்தாம் படிவத்தோடு பள்ளியை முடித்த கையோடு ஆ லியோங் என்பவரின் கடையில் வேலைக்குப் போனாள். ரிமோட்டில் ஓடும் கார், படகு, விமானம் எல்லாம் விற்கும் கடை. முதலில் கல்லாவில் உட்கார்ந்தாள். ஆறு மாதத்தில் ஈயம் உருக்கி ஒயர் ஒட்டப் பழகிக்கொண்டாள். ஒரு வருடத்தில் உடைந்த இறக்கைகளை ஒட்டிக்கொடுத்தாள். பழுது பார்த்த விமானத்தை ஒருமுறை பறக்கவிட்டுப் பார்த்துத்தான் வாடிக்கையாளரிடம் கொடுக்கவேண்டும். ஆ லியோங்குக்கு இரண்டு கண்ணிலும் புரை விழத் தொடங்கியிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ரிமோட்டை அவள் கையில் கொடுத்து, “யூ ட்ரை லா” என்றார். அதற்குப் பிறகு அந்தக் கடையின் சோதனைப் பறப்பு எல்லாம் அவளுடையதாயிற்று. ஞாயிறு தோறும் திடலுக்கு வரும் ஆண்கள் அவளை முதலில் வேடிக்கை பார்த்தார்கள். அப்புறம் தங்கள் புது விமானத்தின் முதல் பறப்புக்கு அவளைத் தேடினார்கள்.

தொற்றுநோய்க்காக வந்த நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலத்தில் கடை மூடிக்கிடந்தது, பிறகு திறக்கவே இல்லை. வயலில் மருந்து தெளிக்கும் ட்ரோனுக்கு ஆள் தேடுகிறார்கள் என்று தெரிந்து யுகேந்திரனிடம் போனாள். விமானம் ஓட்டிய கைக்கு ட்ரோன் விளையாட்டுப் பொருளாக இருந்தது. விரலை எடுத்துவிட்டால் அது நின்ற இடத்திலேயே நிற்கும். காற்றடித்தால் தன்னைத்தானே பிடித்துக்கொள்ளும். எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்பதைத் திரையில் காட்டும். பயிற்சி முடித்து உரிமம் வாங்க அவளுக்கு அதிக நாள் பிடிக்கவில்லை. பஸ் பட்டறையில் மெக்கானிக்காக இருந்த கணவன் ராஜுவும் ஈப்போவிலிருந்து பாரிட் புந்தாருக்கு மாற்றிக்கொண்டு வந்துவிட்டான்.

மாதுமையும் சியாபிக்கும் அவளைத் தேடி வந்தது ஒரு விதைப்புக் காலத்தின் நடுவில். காம்பார் பல்கலைக்கழகத்தில் இயந்திரவியல் படிக்கும் மாணவர்கள். மாதுமை ஈப்போப் பெண், இறுதியாண்டு. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பம், அப்பா பொதுப்பணித் துறையில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். சியாபிக் தைப்பிங்கைச் சேர்ந்த மலாய்க்கார இளைஞன், அவளுக்கு ஓர் ஆண்டு கீழே, அதிகம் பேசமாட்டான். இருவரும் சப்பாத்தைக் கையில் தூக்கிக்கொண்டு வரப்பு வழியாகச் சேற்றில் நடந்து வந்தார்கள்.

“அக்கா, நீங்கதானே ஆ லியோங் கடையில பிளேன் பறக்க விட்டவங்க?” என்று மாதுமை மூச்சு வாங்கக் கேட்டாள்.

“ஆமா. கடைதான் மூடியாச்சேம்மா. என்ன வேணும்?”

“நீங்கதான் வேணும்.”

மாணவர்களுக்கான விமான வடிவமைப்புப் போட்டி ஒன்றுக்கு அவர்கள் பெயர் கொடுத்திருந்தார்கள். விமானத்தை மாணவர்களே வடிவமைத்து, கணக்குப் போட்டு, கட்டி, அதைப் பற்றி முழு அறிக்கையும் எழுதவேண்டும். பறக்கவிடுபவர் மட்டும் வெளி ஆளாக இருக்கலாம். அரைக் கிலோ மணல் பைகளைச் சுமந்துகொண்டு விமானம் திடலை நான்கு சுற்று வரவேண்டும். விமானம் எவ்வளவு இலேசாக இருந்து எவ்வளவு அதிகப் பைகளைத் தூக்குகிறதோ அவ்வளவு புள்ளி. விமானம் ஓட்டத் தெரிந்தவர்களையெல்லாம் மற்ற அணிகள் பிடித்துக்கொண்டன. யாரோ ஒருவர் கடைசியில், “அந்தக் கடையில ஒரு பொண்ணு இருந்திச்சே” என்று சொல்லியிருக்கிறார்.

கலாதேவி கைப்பேசியில் அவர்கள் காட்டிய படத்தைப் பார்த்தாள். இரண்டு மீட்டர் இறக்கை, வெள்ளை உறை, மெல்லிய கார்பன் குழாயின் நுனியில் வால். இறக்கையின் வளைவை விரலால் பெரிதாக்கிப் பார்த்தபோது, பல வருடமாக வராத ஓர் ஆசை வந்தது.

“சனிக்கிழமை வேலை இருக்கு. ஞாயிறு வாரேன்,” என்றாள்.

பத்து காஜா பக்கத்தில் பழைய தோட்டத்துப் பந்துத் திடல் ஒன்று அவர்களுக்குக் கிடைத்திருந்தது. மூன்று பக்கமும் செம்பனை, ஒரு பக்கம் மண் சாலை. முதல் ஞாயிறு பையில்லாமல் பறக்கவிட்டாள். இரண்டாம் ஞாயிறு நான்கு பை. மூன்றாம் ஞாயிறு ஆறு. விமானம் சொன்ன பேச்சைக் கேட்டது. மாணவர்கள் ஒவ்வொரு முறையும் அவளிடம் கேள்வியாகக் கேட்டு எழுதிக்கொண்டார்கள்: மேலேற எவ்வளவு தயங்கியது, திரும்பும்போது மூக்கு விழுந்ததா, வால் ஆடியதா. தான் விரலால் உணர்வதை அவர்கள் எண்ணாக மாற்றுவது அவளுக்குப் பிடித்திருந்தது.

நான்காம் ஞாயிறு எட்டுப் பை. எடையைக் குறைத்துப் பார்ப்பதற்காக, ரிமோட்டின் அசைவுகளைப் பதிவு செய்யும் சிறு பெட்டியைச் சியாபிக் அன்றைக்குக் கழற்றி வைத்திருந்தான். காலை எட்டரை மணி. முந்தின நாள் மழையின் மிச்சமாக வானம் முழுக்க ஒரே வெள்ளையாய் மேகம்.

விமானம் நன்றாகவே எழுந்தது. இரண்டாவது சுற்றில் திடலின் கடைசி முனையில் இடப்பக்கம் திரும்பியது. வெள்ளை வானத்தில் வெள்ளை விமானம். ஒரு நிழல் கோடு மட்டும்தான் தெரிந்தது. அது தன்னை விட்டுத் தூரப் போகிறது என்பது கலாதேவிக்குத் தெரியும். ஒரு முறை கண் சிமிட்டினாள். அவ்வளவுதான். சிமிட்டித் திறந்தபோது அது தன்னை நோக்கி வருவதாகக் கண் சொல்லிற்று. அப்படியானால் அது வலப்பக்கம் சாய்ந்திருக்கிறது. நேராக்க இடப்பக்கம் தள்ளவேண்டும். தள்ளினாள். ஏற்கெனவே இடப்பக்கம் சாய்ந்திருந்த விமானம் இன்னும் கவிழ்ந்து, மூக்கைக் கீழே போட்டுப் பாய்ந்தது. தவறு புரிந்து முழு பலத்தோடு மேலே இழுத்தாள். அதற்குள் செம்பனை மரங்களின் தலைக்கு வந்துவிட்டது. மட்டைகளுக்கு நடுவே ஏதோ முறியும் சத்தம். வால் தனியாகத் தெறித்துப் பறந்தது எல்லாருடைய கண்ணிலும் பட்டது.

மாணவர்கள் ஓடினார்கள். கலாதேவி ரிமோட்டைப் பிடித்தபடியே நின்றாள்.

அவள் மரங்களுக்குள் போய்ச் சேர்ந்தபோது சியாபிக் முறிந்த குழாயைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். குழாயும் உடலும் சேரும் இடத்தில் பசை விட்டுப் பிரிந்திருந்தது. அந்த இடத்தை ஒட்டியவன் அவன்.

மாதுமை கலாதேவியிடம் வந்து இரண்டு கையாலும் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“ஸாரி அக்கா. வால் மேலயே விட்டுப் போயிருக்கு. அதான் நீங்க இழுத்தும் எழும்பல. எங்க டிசைன்லதான் தப்பு. உங்க பேர வேற கெடுத்துட்டோம்.”

அந்த நிமிடத்தில் சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தாள். “பரவாயில்லம்மா,” என்றுதான் வந்தது.

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அவள் அதைத்தான் மனதில் ஓட்டிப் பார்த்தாள். ஒரு வேளை வால் உண்மையிலேயே முன்பே விட்டிருக்குமோ? கண்ணால் பார்த்தவர்களே அப்படித்தான் சொல்கிறார்கள். ஆனால் விரலுக்குத் தெரியும். கடைசியாக இழுத்தபோது விமானம் இழுப்புக்குப் பதில் சொல்லியது. மூக்கு எழத் தொடங்கியது. வால் இல்லாத விமானம் அப்படிச் செய்யாது. மரம்தான் வாலை முறித்தது. மரத்துக்கு அதைக் கொண்டுபோனது அவள்.

அவள் கூச்சப்பட்டது விழுந்ததற்காக மட்டுமல்ல. ஆ லியோங் கடைக் காலத்தில் எத்தனையோ விமானம் விழுந்திருக்கிறது. அப்போதெல்லாம், “என் தப்பு, தூரம் தெரியாமப் போச்சு” என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு ஒட்டிக் கொடுப்பாள். இந்த ஐந்து வருடத்தில்தான் விழாதவள் என்ற பெயர் வந்தது. அந்தப் பெயரை யோசித்துப் பார்த்தால், அதில் பாதி அவளுடையதே இல்லை. நின்ற இடத்தில் நிற்பதும், காற்றைத் தாங்குவதும், திசையைக் காட்டுவதும் ட்ரோனின் வேலை. அது செய்யச் செய்ய, அவளுடைய கண் அந்த வேலையை விட்டுவிட்டது. ஒரு விமானம் வருகிறதா போகிறதா என்று இடைவிடாமல் மனதில் பிடித்து வைத்திருக்கும் பழக்கம் எப்போது தன்னை விட்டுப் போனது என்று அவளுக்கே தெரியவில்லை.

ராஜு முகத்தைப் பார்த்தே கேட்டான். அவள் நடந்ததை அவனிடம் மறைக்கவில்லை.

“அவங்க கேட்டாங்களா, யாரு தப்புன்னு?”

“கேக்கல. அவங்களே முடிவு பண்ணிட்டாங்க.”

“அப்புறம் என்ன? அந்தப் பிள்ளைங்க வால இன்னும் கெட்டியா கட்டுவாங்க. நல்லதுதானே?”

“நல்லதாங்க?” என்று கேட்டாள். பட்டறையில் கெட்டுப்போகாத பாகத்தை மாற்றிவிட்டுப் போன பஸ் எத்தனை நாளில் திரும்பி வரும் என்று அவனுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

எட்டு நாள் கழித்து மாதுமை கூப்பிட்டாள். புது விமானம் தயார், வந்து கையில் எடுத்துப் பாருங்கள் என்றாள். போட்டிக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. கலாதேவி அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு காம்பாருக்குப் போனாள்.

பல்கலைக்கழகத்துப் பட்டறையில் நீள மேசை மேல் விமானம் இருந்தது. அழகாக ஒட்டியிருந்தார்கள். இறக்கைக்கு அடியில் இரண்டு விரல் கொடுத்துத் தூக்கினாள். உடனே தெரிந்துவிட்டது.

“கனமா இருக்கே.”

“வாலுக்கு ரெண்டு குழாய் போட்டுட்டோம் அக்கா,” என்றாள் மாதுமை. “இணைப்புல மூணு சுத்து கார்பன் துணி. வால் கனமானதால மூக்குல ஈயம் வைக்க வேண்டியதாப் போச்சு. எல்லாம் சேர்த்து அறுநூறு கிராம் கூடியிருக்கு. எட்டுப் பை தூக்க முடியாது. ஆறுதான். என்ன பண்றது, மறுபடி முறியக்கூடாதில்ல?”

கணினித் திரையில் அறிக்கை திறந்திருந்தது. ‘வால் இணைப்பு பறக்கும்போதே விட்டுப்போனதற்கான ஆய்வு’ என்று ஆங்கிலத்தில் தலைப்பு. பதினோரு பக்கம். படம், அம்புக்குறி, கணக்கு. காரணம் என்ற கட்டத்தில், ‘பசை ஒட்டியதில் கவனக்குறைவு’ என்றிருந்தது.

சியாபிக் அறையின் மூலையில் ஒரு குழாயைத் தேய்த்துக்கொண்டிருந்தான். அவனுடைய மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை தோல் சிவந்து தடித்திருந்தது.

“அவன் கைக்கு என்ன?”

“எபாக்ஸி பசை ஒத்துக்கல. கையுறை போட்டா ஒட்டறது சரியா தெரியலன்னு கழட்டிட்டான். வேணாம்னு சொல்லியும் கேக்கல. இருபது தடவைக்கு மேல ஒட்டி, இழுத்து உடைச்சுப் பார்த்திருக்கான். ஒரு தடவைகூட அந்த இடத்துல பிரியல அக்கா. அன்னைக்கு மட்டும் ஏன் பிரிஞ்சதுன்னு அவனுக்குப் புரியல. சரியா சாப்பிடறதும் இல்ல.”

கலாதேவி விமானத்தை மேசை மேல் வைத்தாள். வைத்த பிறகும் விளிம்பைப் பிடித்தபடி நின்றாள். சியாபிக்குக்கும் விளங்கவேண்டும் என்று மலாயில் பேசினாள். வால் மேலே முறியவில்லை என்றாள். மரத்தில் பட்டுத்தான் முறிந்தது. விமானம் போகிறதா வருகிறதா என்பது ஒரு கணம் தனக்குக் குழம்பிவிட்டது, திருப்பவேண்டிய பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் தள்ளியது தான்தான் என்றாள். அன்றைக்கே சொல்லியிருக்கவேண்டும், சொல்லவில்லை.

தேய்க்கும் சத்தம் நின்றது.

“எட்டு நாள் அக்கா,” என்றாள் மாதுமை. குரல் உயரவில்லை. “எட்டு நாள் நாங்க இல்லாத தப்பைத் திருத்திக்கிட்டு இருந்திருக்கோம்.”

“ஆமா.”

“அவன் கையைப் பாருங்க.”

“பார்த்துட்டுத்தாம்மா சொல்றேன்.”

“பார்க்கலன்னா சொல்லியிருக்க மாட்டீங்களா?”

கலாதேவி யோசித்தாள். சமாதானமாக ஏதாவது சொல்லியிருக்கலாம். “தெரியல,” என்றாள். “சொல்லணும்னுதான் இருந்திச்சு. ஆனா எட்டு நாளா சொல்லல. அதுதான் நெஜம்.” பிறகு, “வேற ஆள் கெடைச்சா வச்சிக்குங்க. நானும் தேடித் தாரேன்,” என்று சொல்லிவிட்டு வேனுக்குப் போனாள்.

கதவைத் திறக்கும்போது பின்னால் ஓடிவரும் காலடி கேட்டது. சியாபிக். இரண்டு கையையும் உடம்பில் படாமல் தள்ளிப் பிடித்திருந்தான்.

“கக்,” என்றான், மலாயில் அக்கா என்று. “நிச்சயமா? இழுத்தப்ப மூக்கு எழும்பிச்சா?” அவனும் மலாயில்தான் கேட்டான்.

“எழும்பிச்சு.”

அவன் நீண்ட மூச்சு விட்டான். “தாக் ஆப்பா, கக்,” என்றான். பரவாயில்லை என்று சொன்னவன் முகத்தில் கோபம் தேடினாள் அவள், இல்லை. எட்டு நாளாகத் தன்மேல் சுமத்தியிருந்ததை இறக்கி வைத்தவனின் களைப்புதான் இருந்தது. அது அவளுக்குக் கோபத்தைவிடக் கஷ்டமாக இருந்தது.

மூன்றாம் நாள் மத்தியானம் வயலில் இருக்கும்போது மாதுமையிடமிருந்து செய்தி வந்தது. நீளமாக இருந்தது. வேறு ஆள் கிடைக்கவில்லை என்பதை முதலிலேயே எழுதியிருந்தாள், மறைக்கவில்லை. பழைய ஒற்றைக் குழாய்க்கே திரும்புகிறோம் என்று எழுதியிருந்தாள். அதற்குக் கீழே: ‘எனக்கு இன்னும் கோபம் இருக்கு அக்கா. ஆனா யோசிச்சுப் பார்த்தா, பறக்க விடறவங்களுக்கு பிளேன் எந்தப் பக்கம் பாக்குதுன்னு தெரியலன்னா அதுவும் எங்க டிசைன் வேலைதான். வெள்ளையா செஞ்சது நாங்க. ஞாயிறு வாங்க. வர்றதுக்கு முன்னால அன்னைக்கு உங்க விரல் என்னென்ன செஞ்சிச்சுன்னு விநாடி விநாடியா எழுதிட்டு வாங்க.’

கலாதேவி எழுதினாள். பள்ளியில் படித்த காலத்துக்குப் பிறகு இவ்வளவு யோசித்து அவள் எதையும் எழுதியதில்லை. கண் சிமிட்டியதிலிருந்து தவறு புரிந்தது வரை எவ்வளவு நேரம் என்று, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு கண்ணை மூடி மனதுக்குள் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தாள். ஒன்றரை விநாடி.

அந்த ஞாயிறு திடலில் விமானத்தைப் பறக்கவிடவில்லை. அட்டையில் விமானத்தின் உருவத்தை வெட்டி, விதவிதமாகச் சாயம் அடித்து, ஒருவர் தூரத்தில் நின்று தூக்கிப் பிடித்துத் திருப்ப, இன்னொருவர் போகிறதா வருகிறதா என்று சொல்லவேண்டும். முழுக்கச் சிவப்பு உதவவில்லை. கோடு போட்டதும் தூரத்தில் கலங்கிவிட்டது. கடைசியில் மேல்பக்கம் ஆரஞ்சு, வலது இறக்கையின் அடிப்பக்கம் மட்டும் முழுக் கறுப்பு என்று முடிவாயிற்று. கறுப்பு எந்தப் பக்கம் தெரிகிறது என்பதை வைத்து, விமானம் வருகிறதா போகிறதா என்று அரைக் கணத்தில் சொல்லிவிடலாம். இன்னொன்றும் செய்தார்கள். பறக்கவிடுபவர் பக்கத்தில் ஓர் ஆள் நிற்கப் போட்டி விதி இடம் கொடுத்திருந்தது. இதுவரை அதை அவர்கள் பயன்படுத்தவில்லை. சியாபிக் நிற்கிறேன் என்றான்.

போட்டி வரை தினமும் விடிந்ததும், விதைக்காமல் கிடந்த ஒரு வயலில் ஒரு பழைய நுரைப் பலகை விமானத்தை வைத்துக்கொண்டு கலாதேவி பழகினாள். முதல் நாளே இரண்டு தரம் சேற்றில் குத்தினாள். வாய்க்காலில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்த பத்துமலை என்ற டிராக்டர்காரர், “என்ன ட்ரோன் அக்கா, நீங்களே போடுறீங்க?” என்று சிரித்தார். “ஆமாண்ணே, போட்டுப் போட்டுத்தான் வரணும்,” என்று சொல்லிச் சேற்றில் இறங்கி எடுத்தாள். அப்படிச் சொல்ல முடிந்தது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

போட்டி தெலுக் இந்தான் பக்கத்தில், முன்பு மருந்து தெளிக்கும் சிறு விமானங்கள் இறங்கிய ஒரு பழைய ஓடுபாதையில் நடந்தது. பதினேழு அணிகள். கூடாரத்துக்குக் கூடாரம் மேசை, மேசைக்கு மேசை இறக்கை. எடை பார்க்கும் இடத்தில் நடுவர்கள் தராசில் வைத்து, ஆட்டிப் பார்த்து, திருகாணியைத் திருகிப் பார்த்தார்கள்.

முதல் பறப்பில் எட்டுப் பை. வெயில் நன்றாக இருந்தது. கறுப்பு இறக்கை ஒவ்வொரு திருப்பத்திலும் பளிச்சென்று தெரிந்தது. நான்கு சுற்று முடித்துத் தரையைத் தொட்டபோது விமானம் ஒருமுறைகூடக் குதிக்கவில்லை. அந்தப் பறப்பில் அவர்கள் அணி நான்காவதாக வந்தது.

இரண்டாவது பறப்பு மத்தியானத்துக்கு மேல். மேலே இருந்த மூன்று அணிகளைப் பிடிக்கவேண்டுமானால் பத்துப் பை வேண்டும்.

“தூக்குமா?” என்று மாதுமை கேட்டாள்.

“தூக்கும். இறங்கறதுதான் கஷ்டம். சக்கரம் தாங்குமான்னு நீதான் சொல்லணும்.”

“கணக்குல தாங்கும். கிட்டத்தட்ட.”

“அப்ப நீதான் முடிவு பண்ணு. நான் பறக்க விடுறேன்.”

மாதுமை பத்து என்றாள்.

விமானம் ஓடுபாதையின் முக்கால்வாசி தூரத்தை எடுத்துக்கொண்டு, பிடிக்காத மனதோடு எழுந்தது. முதல் சுற்று. இரண்டாவது. மேற்கிலிருந்து மழை மேகம் ஏறி வந்துகொண்டிருந்தது. மூன்றாவது சுற்றின் கடைசித் திருப்பத்தில் விமானம் அந்த மேகத்துக்கு முன்னால் போயிற்று. ஆரஞ்சும் இல்லை, கறுப்பும் இல்லை. எல்லாம் ஒரே கறுத்த கோடு. கலாதேவியின் விரல் ஒரு பக்கம் தள்ளத் துடித்தது. தள்ளவில்லை.

“தெரியல!” என்று கத்தினாள். நடுவர்களுக்கும் மற்ற அணிகளுக்கும் கேட்கும்படி. “நம்பாக் தாடா!” என்று மலாயிலும் அதையே கத்தினாள்.

“கானான், கக்! கானான்!” என்றான் சியாபிக் அவள் தோளுக்குப் பக்கத்திலிருந்து. வலது.

அவளுடைய கண் இடது என்றது. அவன் குரல் வலது என்றது. வலது பக்கம் தள்ளினாள். கோடு மெல்ல நிமிர்ந்தது. மேகத்தை விட்டு வெளியே வந்ததும் ஆரஞ்சு நிறம் தெரிந்தது. பின்னால் யாரோ கை தட்டினார்கள். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

நான்காவது சுற்றும் முடிந்தது. இறக்கும்போது பக்கக் காற்று தூக்கிப்போட்டது. விமானம் தரையில் அடித்து எழுந்து மறுபடி உட்கார்ந்தது. இடது சக்கரம் தனியே கழன்று புல்லுக்குள் உருண்டு போயிற்று. ஏதாவது ஒரு பாகம் கழன்றால் அந்தப் பறப்பு செல்லாது என்பது விதி. நடுவர் சிவப்புக் கொடியைத் தூக்கினார்.

மாதுமை புல்லுக்குள் போய்ச் சக்கரத்தைத் தேடி எடுத்துக்கொண்டு வந்தாள். கொஞ்ச நேரம் அதைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தாள்.

“இது என் தப்பு,” என்றாள். “கிட்டத்தட்டன்னு சொன்னேனே. அங்கேயே நிறுத்தியிருக்கணும். ஒம்போது பை வச்சிருக்கலாம்.”

“நானும் பக்கக் காத்துல வேகமா இறக்கினேன்,” என்றாள் கலாதேவி.

“சரி. ரெண்டையும் எழுதுவோம்.”

ஐந்தாம் இடம் கிடைத்தது. பரிசு இல்லை. ஆனால் அறிக்கைக்கான மதிப்பெண்ணில் அவர்கள் இரண்டாவதாக இருந்தார்கள். முடிவு சொன்ன பிறகு நடுவர்களில் ஒருவர், முன்பு பயணிகள் விமானம் ஓட்டிய நரைத்த சீனர், அறிக்கையின் ஒரு பக்கத்தை மடித்து வைத்துக்கொண்டு அவர்கள் கூடாரத்துக்கு வந்தார். பழைய பதினோரு பக்க ஆய்வை மாதுமை அழித்துவிடவில்லை. முதலில் இப்படித் தவறாக நினைத்தோம், அதை எப்படித் தெரிந்துகொண்டோம் என்று எழுதி, அதற்குப் பின்னால் கலாதேவியின் விநாடிக் கணக்கைச் சேர்த்திருந்தாள்.

“இந்த ஒன்றரை விநாடி யாருடையது?” என்று அவர் கேட்டார்.

கலாதேவி கையைத் தூக்கினாள்.

“எனக்கும் ஒருமுறை மேகத்துக்குள் அப்படி ஆகியிருக்கிறது,” என்றார் அவர். “நான் அதை எழுதிக் கொடுக்கப் பல வருடம் ஆனது.” பிறகு அடுத்த கூடாரத்துக்குப் போய்விட்டார்.

மறுநாள் வேலைக்குப் போனதும் கலாதேவி யுகேந்திரனிடம், மாதம் ஒரு நாளாவது ட்ரோனின் தானாக நிற்கும் வசதியை அணைத்துவிட்டு எல்லாரும் பழகவேண்டும் என்றாள். ஏன் என்று அவர் கேட்டதும் பத்து காஜாவில் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். அவருக்கு முகம் சுருங்கிப் போயிற்று.

“இத வெளிய சொல்லாத கலா. உன் பேர வச்சித்தான் நான் வேலை பிடிக்கிறேன்.”

“அதான் சொல்றேன் முதலாளி. அந்தப் பேரு நெஜம் இல்ல. ஒரு நாளு சாட்டிலைட் சிக்னல் போச்சுன்னா இங்க ஒருத்தருக்கும் ஓட்டத் தெரியாது. எனக்குமே பாதிதான் தெரியும்.”

அவர் ஒரு வாரம் எடுத்துக்கொண்டார். பிறகு, மருந்து ஊற்றாமல், வெறும் தண்ணீரோடு, மாதத்தின் முதல் சனிக்கிழமை அரை மணி நேரம் என்று ஒப்புக்கொண்டார். அது இன்றைக்கும் நடக்கிறது. மாதுமை இப்போது பினாங்கில் ஒரு தொழிற்சாலையில் இருக்கிறாள். சியாபிக்கின் கை ஆறிவிட்டது, அடுத்த அணிக்கு அவன்தான் தலைவன். கையுறை போடாமல் யாரையும் பசை தொட விடுவதில்லை என்று கேள்வி.